மொட்டை மாடியில் முதல் கலப்பு, ஐந்து சென்ட்டில் தேர்வு: பருத்தி ரகம் உருவாக்கப் புதியவர்களுக்கு

பருத்தியில் புது ரகம் என்றதும் கோவை, ஸ்ரீவில்லிபுத்தூர், நாக்பூர் ஆராய்ச்சி நிலையங்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த வேலையின் முதல் ஓராண்டைச் சென்னையில் ஒரு மொட்டை மாடியிலேயே முடித்துவிடலாம். இருபது தொட்டி போதும். நிலம் தேவைப்படுவது இரண்டாம் தலைமுறையில்தான். அதற்கும் ஐந்து சென்ட் போதும். செங்கல்பட்டு, மதுராந்தகம், திருவள்ளூர்ப் பக்கம் யாரிடமாவது ஐந்து மாதத்துக்குக் குத்தகைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

தொடங்கும் முன் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். இழையின் நீளமும் வலிமையும் பெற்றோரிடமிருந்து பிள்ளைச் செடிக்கு நன்றாகவே இறங்கும். ஒற்றைச் செடியைப் பார்த்தே ஓரளவு நம்பித் தேர்வு செய்யலாம். விளைச்சல் அப்படியில்லை. ஒரு செடியில் காய் கொத்துக்கொத்தாக நிற்பதற்கு எருக்குழி ஓரமும் பக்கத்துச் செடி செத்துப்போன காலி இடமும்கூடக் காரணமாக இருக்கும். புதிதாக வருபவர்கள் எஃப்2 எனும் இரண்டாம் தலைமுறை வயலில் காய் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கி, இழையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். வரிசை நேர் எதிர்: இழையை முதலில், விளைச்சலைப் பின்னால், வரிசைகளாகவும் பாத்திகளாகவும் விதைத்துப் பாருங்கள்.

பெற்றோர்

நம் வேலை காசிப்பியம் ஹிர்சுட்டம் எனும் அமெரிக்கப் பருத்தியில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதராஸ் மாகாணத்துக்கு வந்த கம்போடியா பருத்தி இந்த இனம்தான். இங்கத்திய ரகங்களின் எம்சியூ என்ற பெயரில் உள்ள மூன்று எழுத்துகளும் மதராஸ், கம்போடியா, உகாண்டா ஆகியவற்றைக் குறிப்பவை. இதன் குரோமோசோம் எண்ணிக்கை 52. கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்திக்கு 26. அதனால் கருங்கண்ணியின் வறட்சித் தாங்குதிறனை எம்சியூவுக்குக் கொண்டுவருகிறேன் என்று இரண்டையும் நேராகக் கலந்தால் காய் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். தப்பித் தவறி ஒரு விதை முளைத்தாலும் செடி மலடாக நிற்கும். சுவின் போன்ற ரகங்களைக் கொண்ட பார்படென்ஸ் எனும் இன்னொரு பருத்தி இனத்துக்கும் 52 குரோமோசோம்தான், கலப்பும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் எஃப்2-வில் செடிகள் சிதறிப்போகும்: காலம் கடந்து பூப்பவை, வெற்றுக்கொட்டை காய்ப்பவை, ஆளுயரம் வளர்ந்து காயே பிடிக்காதவை. முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும்படி இரண்டு ஹிர்சுட்டம் ரகங்களைத் தேர்ந்தெடுங்கள். 1968-இல் வெளியான எம்சியூ 5 நீண்ட, நயமான இழைக்குப் பெயர் போனது. எல்ஆர்ஏ 5166 பலவகை நிலங்களிலும் தாக்குப்பிடிக்கும். இப்படி ஒரு ஜோடி போதும். ஐந்தாறு ஜோடி போட்டுவிட்டு எதையும் ஒழுங்காகப் பார்க்க முடியாமல் திணறுவதைவிட ஒரே ஜோடியில் நிறையச் செடி வளர்ப்பது மேல். விதையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தித் துறையிலோ, மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவை மண்டல நிலையத்திலோ கேட்டு வாங்குங்கள். பதிவு பெற்ற ரகத்தைப் புது ரகம் உருவாக்கும் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்த 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு இடம் தருகிறது.

கடையில் பாக்கெட்டில் கிடைக்கும் பிடி (Bt) எனும் மரபணு மாற்றுப் பருத்தி விதையைத் தொடாதீர்கள். அது ஏற்கெனவே ஒட்டுரகம், தானே பிரிந்து சிதறும். அதோடு மரபணு மாற்றுப் பயிரை வைத்துக் கலப்பு செய்ய அரசின் முன் அனுமதி வேண்டும்.

எதைத் தாயாக வைப்பது? கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளத்தில் இரண்டு ரகமும் வேறுபட்டால் வேலை எளிது. மகரந்தத்தூள் மஞ்சளாக இருப்பது, இளமஞ்சள் வெளுப்பை மிஞ்சி வெளிப்படும் ஓங்கு பண்பு. வெளுத்த மகரந்தம் உள்ளதைத் தாயாகவும் மஞ்சள் உள்ளதைத் தந்தையாகவும் வைத்தால், எஃப்1 எனும் முதல் தலைமுறையில் வெளுத்த மகரந்தத்தோடு பூக்கும் செடி கலப்பில் பிறந்ததல்ல, தாய்ச்செடி தன்னையே கருவுறச் செய்துகொண்டது என்று அன்றே தெரிந்துவிடும். பிடுங்கிப் போடலாம்.

சென்னைக்கு ஏற்ற நாள்காட்டி

இங்கே முதல் எதிரி ஐப்பசி மழை. வெடிக்கும் நேரத்தில் நான்கு நாள் அடைமழை பெய்தால் காய் செடியிலேயே அழுகும், விதை உள்ளேயே முளைக்கும். இரண்டாவது எதிரி அக்னி நட்சத்திர வெயில். மகரந்தம் செத்துப்போகும், சப்பை எனும் இளமொட்டும் பிஞ்சும் கொட்டும். விதைத்து 50, 60 நாளில் பூ, பூத்து 45, 50 நாளில் வெடிப்பு என்ற கணக்கை வைத்துப் பார்த்தால் பொங்கல் முடிந்த வாரம் விதைப்பது சரியாக வரும். மார்ச் கடைசியிலும் ஏப்ரல் முதல் பாதியிலும் கலப்பு வேலை. மே நடுவிலிருந்து காய் வெடிக்கும். அந்த விதையை ஜூன் முதல் வாரத்திலேயே ஊன்றினால் எஃப்1 செடிகள் ஆகஸ்டில் பூத்து, மழை பிடிக்குமுன் அக்டோபர் நடுவுக்குள் பெரும்பாலும் வெடித்துவிடும். ஓர் ஆண்டில் இரண்டு தலைமுறை. ஜூலைக்குத் தள்ளிப்போட்டால் இந்தக் கணக்கு மொத்தமும் போச்சு.

மாடியில்

15 முதல் 20 லிட்டர் கொள்ளளவுள்ள பை அல்லது பெயின்ட் வாளி, அடியில் துளை. செம்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு அரைப் பங்கு. வாளிக்கு ஒரே செடி. ஒரு ரகத்துக்குப் பத்துச் செடி. நான்கு நாள் இடைவெளியில் இரண்டு தவணையாக விதையுங்கள். இரண்டு ரகமும் ஒரே நாளில் பூக்காமல் போனால் இந்த இடைவெளி கைகொடுக்கும். உப்புச்சுவை உள்ள போர்த் தண்ணீரை வளர்ந்த பருத்தி தாங்கும். முளைக்கும்போது மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள்.

எதிர் வீட்டுச் செம்பருத்தியோடு கலந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். செம்பருத்தி, வெண்டை, பூவரசு எல்லாம் ஒரே குடும்பம்தான், ஆனால் பருத்தியோடு கலக்காது. அங்கிருந்து வருவது மகரந்தமல்ல, மாவுப்பூச்சி. செம்பருத்தித் தொட்டியை மாடியின் மறுகோடிக்குத் தள்ளிவிட்டு, நுனிக்குருத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறை புரட்டிப் பாருங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளித்தால் தொடக்கத்தில் அடங்கும். மகரந்தம் சேர்க்கும் நாள்களில் எதையும் தெளிக்காதீர்கள்.

கலப்பு: ஒரு மாலையும் மறுநாள் காலையும்

தேவையானவை: பட்டர் பேப்பர் உறைகள், இரண்டு நிறத்தில் பருத்தி நூல், அட்டைச் சீட்டு, பென்சில், சிறு இடுக்கி. பாரிமுனையில் ஆண்டர்சன் தெருப் பக்கம் காகிதக் கடைகளில் பட்டர் பேப்பர் தாளாகவே கிடைக்கும்; வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். பேனா வேண்டாம். ஒரே வாரத்தில் மை கரைந்துவிடும், பென்சில் எழுத்து நிற்கும். வலது கைக் கட்டைவிரல் நகத்தை மூன்று மில்லிமீட்டர் வளர விடுங்கள். அதுதான் முக்கியக் கருவி.

மாலை மூன்று மணிக்கு மேல் மாடிக்குப் போங்கள். ஓரம் பல் பல்லாக இருக்கும் மூன்று பச்சைச் செதில்களுக்கு மேலே இதழ் நீட்டிக்கொண்டு, முறுக்கிய கூம்பாக, வெண்ணெய் நிறத்தில் நிற்கும் மொட்டுதான் நாளைக்கு மலரும். இதழ் இன்னும் செதிலுக்குள்ளேயே இருந்தால் பிஞ்சு மொட்டு, விட்டுவிடுங்கள்.

இடது கையால் காம்பைத் தாங்குங்கள், இழுக்கக் கூடாது. செதில்களைப் பின்னுக்கு வளையுங்கள். புல்லி வட்டத்தின் அடியில் கட்டைவிரல் நகத்தை மெதுவாக இறக்கினால் புல்லி, இதழ் இரண்டும் அறுபடுவது விரலுக்குத் தெரியும். அதற்குமேல் அழுத்தாதீர்கள். நகத்தை அதே ஆழத்தில் சுற்றிவர ஓட்டி, இலேசாக ஒரு திருகு கொடுத்து மேலே தூக்குங்கள். புல்லி, இதழ், மகரந்தத் தாள்கள் ஒட்டிய குழல் எல்லாம் ஒரே குல்லாயாகக் கழன்று வரும். உள்ளே பச்சைச் சூலகமும் அதன்மேல் வெள்ளைக் குச்சிபோல் சூல்தண்டும் மட்டும் நிற்கும். 1934-இல் டோக் என்பவர் எழுதிவைத்த இந்த முறையைத்தான் ஒட்டுரகப் பருத்தி விதை எடுக்கும் வயல்களில் பெண்கள் மாலைதோறும் செய்கிறார்கள்.

இங்கே கெட்டுப்போகும் விதம் மூன்று. நகம் ஆழமாக இறங்கிச் சூலகத்தை மூடியிருக்கும் மெல்லிய வெள்ளைத் தோலைக் கீறிவிட்டால் மூன்று நான்கு நாளில் பிஞ்சு உதிரும். அடியில் ஒன்றிரண்டு மகரந்தப் பைகள் ஒட்டிக்கொண்டிருந்தால் காலையில் அவையே வெடித்துத் தற்கலப்பு ஆகிவிடும், இடுக்கியால் எடுங்கள். மொட்டைத் திறந்தபோதே தூள் பறந்தால் காலம் கடந்துவிட்டது, அந்த மொட்டையே கிள்ளிப் போடுங்கள்.

முடித்ததும் உறை போட்டு அடியில் நூல் சுற்றுங்கள். அதே மாலையில் தந்தைச் செடியிலும் நாளை மலரவிருக்கும் மொட்டுகளின் நுனியை நூலால் கட்டிவிட வேண்டும். கட்டாமல் விட்டால் காலையில் தேனீ உங்களுக்கு முன் போய்விடும்.

மறுநாள் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரைக்குள் மகரந்தம் சேர்க்க வேண்டும். கட்டிய தந்தைப் பூவைப் பறித்து, இதழைப் பின்னுக்கு மடித்து, தூள் உதிர்கிறதா என்று நகத்தில் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பிறகு உறையைக் கழற்றி, சூல்முடியைச் சுற்றித் தூள் ஒட்டும்படி தடவுங்கள். ஒரு தந்தைப் பூ நான்கைந்து தாய்ப் பூவுக்கு வரும். இளஞ்சிவப்பாக மாறிய பூ நேற்றையது, அதில் உயிருள்ள மகரந்தம் இராது. மறுபடி உறை போட்டு, வேறு நிற நூலைக் காம்பில் கட்டி, சீட்டில் தாய், தந்தை, தேதி எழுதுங்கள். பனியோ தூறலோ பட்டு ஈரமான சூல்முடியில் மகரந்தம் வெடித்து வீணாகும். இலை நனையத் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தையும் இந்த நாள்களில் விடுங்கள். மூன்று நாள் கழித்து உறையை எடுத்துவிடலாம்.

இருபது பூவில் செய்தால் ஏழெட்டுக் காய் நிற்பதே புதியவருக்கு நல்ல கணக்கு. அந்தக் கிளையில் தானாகப் பிடித்த பிஞ்சுகளைக் கிள்ளிவிட்டால் கலப்புக் காய் கூடுதலாக நிற்கும்.

எஃப்1

பத்துச் செடி போதும். மகரந்த நிறத்தைப் பார்த்துப் போலிகளைக் களையுங்கள். மீதமுள்ள செடிகளில் மாலைதோறும் மொட்டு நுனியைக் கட்டித் தற்கலப்பு செய்யுங்கள். பருத்தியில் தேனீயாலும் வண்டாலும் நூற்றுக்கு ஐந்திலிருந்து முப்பது வரை அயல்கலப்பு நடக்கும், இடத்தைப் பொறுத்து. நாற்பது காய் சேர்ந்தால் ஏறக்குறைய ஆயிரம் விதை கிடைக்கும். இந்தத் தலைமுறையில் தேர்வு என்று எதுவும் இல்லை. செடி செழித்து நிற்பதைப் பார்த்து மகிழ்வதோடு சரி.

எஃப்2: ஐந்து சென்ட்

வரிசைக்கு வரிசை 90 செ.மீ., செடிக்குச் செடி 45 செ.மீ. இந்த இடைவெளியில் 500 செடிக்கு ஐந்து சென்ட். குழிக்கு இரண்டு விதை ஊன்றிப் பதினைந்தாம் நாள் ஒன்றாகக் கலைத்துவிடுங்கள். கலைக்கும்போது பெரிய நாற்றை வைத்துச் சிறியதைப் பிடுங்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு இடப்பக்கத்ததைப் பிடுங்குவது நியாயமானது. ஓரத்துச் செடிக்கு வெளிச்சம் கூடுதல் என்பதால் சுற்றிலும் ஒரு வரிசை பெற்றோர் ரகம் போடுங்கள். பத்து வரிசைக்கு ஒரு வரிசை பெற்றோர் இரண்டும் இருக்கட்டும், ஒப்பிட வேண்டுமே.

ரகங்களுக்கான எக்டருக்கு 80:40:40 கிலோ தழை, மணி, சாம்பல் சத்துக் கணக்கில் ஐந்து சென்ட்டுக்கு யூரியா மூன்றரைக் கிலோ, சூப்பர் பாஸ்பேட் ஐந்து கிலோ, பொட்டாஷ் ஒன்றே கால் கிலோவுக்குச் சற்று மேல். யூரியாவில் பாதி அடியுரம், பாதி நாற்பத்தைந்தாம் நாள். தழைச்சத்தை அள்ளிப் போட்டால் எல்லாச் செடியும் பச்சைப் பசேலென்று ஒன்றுபோல் தெரியும், தத்துப்பூச்சியும் குவியும், வேறுபாடு மறைந்துவிடும்.

ஐம்பதாம் நாள்வரை தத்துப்பூச்சிக்கு மருந்து அடிக்காமல் பொறுங்கள். எந்தச் செடி தாங்குகிறது என்று அப்போதுதான் தெரியும். இலை ஓரம் கீழ்நோக்கி வளைந்து, மஞ்சளாகி, பிறகு சிவந்து கருகும். ஒன்றிலிருந்து நான்குவரை மதிப்பெண் போடுங்கள்: ஒன்று என்றால் அறிகுறியே இல்லை, நான்கு என்றால் செடி முழுதும் கருகல். மூன்றும் நான்கும் வாங்கியவை வெளியே. உள்ளங்கையால் இலையின் அடிப்புறத்தைத் தடவினால் தாங்கும் செடிகளில் முடி அடர்த்தியாக இருப்பது தெரியும். ஆனால் அளவுக்கு மீறிய முடியுள்ள செடியில் வெள்ளை ஈ சேரும், எடுப்பின்போது பஞ்சில் இலைத்தூளும் ஒட்டும். நடுத்தரமே நல்லது.

ஏறக்குறைய அறுபது செடியைக் கண்ணால் பொறுக்கி எண் கட்டுங்கள். அவற்றில் மொட்டு கட்டித் தற்கலப்பு விதை சேர்ப்பது தனி வேலை. இழை ஆய்வுக்கு, செடியின் நடுப்பகுதியில் நன்றாக வெடித்த இருபத்தைந்து காய்களை ஒரே நாளில் எடுங்கள். அடிக்காயும் கடைசிக் கொழுந்துக் காயும் சேர்ந்தால் முதிராத இழை கலந்து எண்களைக் கெடுக்கும். சிவப்பு நாவாய்ப்பூச்சி கறைப்படுத்திய காயையும் சேர்க்காதீர்கள்.

கொட்டையும் பஞ்சும்: ஏமாற்றும் ஒரு சதவீதம்

காயின் சராசரி எடையைப் போட்டுவிட்டு, பஞ்சைக் கையால் பிரியுங்கள். நகைத் தராசில், ஒரே அறையில், ஒரே அமர்வில் நிறுங்கள். கடற்கரைக் காற்றின் ஈரத்தைப் பஞ்சு குடித்துக்கொள்ளும். பாதியை மழை நாளிலும் பாதியை வெயில் நாளிலும் நிறுத்தால் ஒப்பிட முடியாது.

அரவைத் திறன் என்பது பருத்தி எடையில் பஞ்சு நூற்றுக்கு எவ்வளவு என்பது. வியாபாரிக்கு அது பிடிக்கும், தேர்வாளரை அது ஏமாற்றும். இரண்டு செடிகளை எடுத்துக்கொள்வோம். முதல் செடியில் 100 கொட்டை 10 கிராம், அவற்றின் மேலிருந்த பஞ்சு 6 கிராம்: அரவைத் திறன் 37.5. இரண்டாவதில் கொட்டை 7 கிராம், பஞ்சு 4.5 கிராம்: அரவைத் திறன் 39.1. சதவீதத்தைப் பார்த்து இரண்டாவதைப் பிடித்தால், ஒவ்வொரு கொட்டையிலும் கால் பங்கு பஞ்சு குறைந்த, முளைப்பு வீரியமும் குறைந்த சின்னக் கொட்டைச் செடியைத்தான் பிடிக்கிறீர்கள். ஆகவே மூன்று எண்களையும் எழுதுங்கள்: 100 கொட்டை எடை, 100 கொட்டையின் பஞ்சு எடை, அரவைத் திறன். கொட்டை 9 கிராமுக்குக் குறைந்தால் சந்தேகப்படுங்கள்.

இழை

ஆய்வகத்துக்கு அறுபது மாதிரி அனுப்பினால் செலவு கூடும். வீட்டிலேயே பாதியைக் கழிக்க ஒரு வழி உண்டு. பஞ்சோடு உள்ள கொட்டையை எடுத்து, அதன் ஒரு பக்கம் ஓடும் மேட்டுக்கோட்டை வகிடாக வைத்து, பஞ்சை இருபுறமும் பிரியுங்கள். நெருக்கமான பல்லுள்ள சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டையை நோக்கி வாருங்கள். அடியிலிருந்து இழுத்தால் இழை அறுந்து அளவு குறையும். வாரி முடித்ததும் கொட்டையின் இரண்டு பக்கமும் வண்ணத்துப்பூச்சிச் சிறகுபோல் விரியும். கறுப்புத் துணியில் வைத்து, அடர்த்தி முடியும் விளிம்புவரை அளவுகோலால் இரண்டு பக்கமும் அளந்து சராசரி எடுங்கள். செடிக்குப் பத்துக் கொட்டை. பெற்றோர் கொட்டைகளையும் அதே கையால் வாரி ஒப்பிடுங்கள், ஏனென்றால் ஆளுக்கு ஆள் இரண்டு மில்லிமீட்டர் மாறும்.

மிஞ்சிய இருபத்தைந்து, முப்பது மாதிரிகளைக் கோவைக்கு அனுப்பலாம். அங்கே சிட்ரா எனும் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம் போன்றவற்றின் ஆய்வகங்களில் இழையின் பண்புகளை ஒருசேர அளக்கும் ஹெச்விஐ கருவி இருக்கிறது. மாதிரிக்கு எத்தனை கிராம் வேண்டும் என்று முன்னரே கேளுங்கள். 25 காயில் 30 கிராமுக்கு மேல் பஞ்சு கிடைக்கும். அறிக்கையில் நீளம், சீர்மை, வலிமை, மைக்ரோனேர் (இழையின் நயத்தையும் முதிர்ச்சியையும் சேர்த்துக் காட்டும் எண்) என்று எண்கள் வரும். நீள இழை என்று இந்தியாவில் வகைப்படுத்துவது 27.5 மி.மீ.யிலிருந்து 32 மி.மீ. வரை. அதைத் தொட்டு, வலிமை டெக்ஸுக்கு (இழையின் பருமனைக் குறிக்கும் அலகு) 28 கிராமும், மைக்ரோனேர் 3.7-க்கும் 4.5-க்கும் இடையிலும் இருந்தால் தொடரத் தகுந்த செடி.

இரண்டு பொறிகள். ஹெச்விஐ கருவியிலேயே வலிமையை ஐசிசி என்ற வேறோர் அளவீட்டு முறையில் அளந்த எண், ஹெச்விஐ முறையில் அளந்த எண்ணைவிடக் குறைவாகவே வரும். பழைய ரகக் குறிப்புகளில் 22, 23 என்று பார்த்துவிட்டு நம் செடி 28 என்று குதிக்க வேண்டாம். இரண்டும் ஒரே பஞ்சாகவே இருக்கக்கூடும். அடுத்து, மைக்ரோனேர் 3.2 என்று வந்தால் இழை நயமானதும் ஆகலாம், முற்றாததும் ஆகலாம். எண் அதைச் சொல்லாது. அதே செடியின் கொட்டை நன்றாகக் கறுத்து நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். நிறைந்திருந்தால் நயம் என்று நம்ப இடமுண்டு.

விளைச்சலும் வலிமையும் எதிரெதிராக இழுப்பது ஹிர்சுட்டத்தின் பழைய வழக்கு. அமெரிக்காவில் தென் கரோலினாவின் பீ டீ நிலையத்தில் பல ஆண்டுகள் தேர்ந்தெடுத்தவற்றைத் தமக்குள் திரும்பத் திரும்பக் கலந்துதான் அந்தப் பிணைப்பைத் தளர்த்தினார்கள். முதல் சுற்றில் இரண்டும் உச்சத்தில் உள்ள செடி கிடைக்கவில்லை என்றால் வலிமை மிகுந்த இரண்டு செடியையும் காய்ப்பு மிகுந்த இரண்டு செடியையும் மாற்றிக் கலந்து மறுபடி தொடங்குவதில் தவறில்லை.

எஃப்3-லிருந்து

பதினைந்து செடி தேறினால், ஒவ்வொன்றின் தற்கலப்பு விதையையும் தனித்தனி வரிசையாக விதையுங்கள். வரிசைக்கு இருபது செடி, ஐந்தாவது வரிசைதோறும் ஒப்பீட்டு ரகம். இனி முதலில் வரிசையைப் பாருங்கள், பிறகு செடியை. நல்ல வரிசையின் சுமாரான செடி, சுமாரான வரிசையின் அபாரச் செடியைவிடப் பெரும்பாலும் மேல். வரிசையின் எடையைப் பக்கத்து ஒப்பீட்டு வரிசையோடு மட்டும் ஒப்பிடுங்கள், வயலின் மறுகோடியோடு அல்ல. எஃப்4, எஃப்5-இலும் இதே வேலைதான். ஒரு வரிசைக்குள் உயரம், பூக்கும் நாள், இலை வடிவம் எல்லாம் ஒன்றுபோல் ஆகும்வரை.

ஒன்றுபோலான வரிசைகளின் விதையைச் சேர்த்து எஃப்6-இல் விளைச்சல் சோதனை போடலாம். நான்கு வரிசை, ஆறு மீட்டர் நீளப் பாத்தி, மூன்று மறுவிதைப்பு (ஒரே சோதனையை வயலில் மூன்று முறை அமைப்பது), ஒவ்வொன்றிலும் குலுக்கல் முறையில் இடம். நடு இரண்டு வரிசையை மட்டும் நிறுங்கள். ஒரு பருவத்தை நம்பாமல் இரண்டு பருவமாவது, முடிந்தால் ஒரு கரிசல் நிலத்திலும் பாருங்கள். அதற்குப் பிறகுதான் பல்கலைக்கழகத்திடமோ அகில இந்தியப் பருத்தித் திட்டத்திடமோ பேச நம் கையில் எண்கள் இருக்கும். முதல் கலப்பிலிருந்து எண்ணினால் ஏழெட்டு ஆண்டு ஆகும்.

விதைப் பொட்டலம்

ஒவ்வொரு தலைமுறையிலும் தேர்ந்த செடியின் விதை மொத்தத்தையும் விதைத்துவிடாதீர்கள். சென்னையின் ஈரத்தில் சாதாரணக் காகித உறையில் வைத்த விதை அடுத்த தைக்குள் முளைப்பை இழந்துகொண்டே வரும். நன்றாகக் காயவைத்து, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் புட்டியில் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைக்கு உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு: கலப்பு எண், எஃப்2 செடி எண், எஃப்3 செடி எண் என்று கோடு போட்டு நீளும் ஒரே எண். 3-47-6 என்றால் மூன்றாம் கலப்பின் நாற்பத்தேழாம் செடியின் வரிசையில் ஆறாம் செடி. வெளிச்சீட்டு கழன்று விழுந்தாலும், உள்ளே பென்சிலால் எழுதியது இருக்கும்.